ஹீட்டிங் போச்சா, வைஃபை போச்சா? விளக்கைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

வீட்டு ஹீட்டிங் கண்ட்ரோல்களை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. குளிர் தொடங்கிவிட்டால் போன் ஓயாது. "தம்பி, சிவப்பு லைட் மினுக்குது, ஹீட்டிங் போச்சு" என்பார்கள். "ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கம்மா, சுடுதா?" என்பதுதான் என் முதல் கேள்வி. பாதிப் பேர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடத்தான் செய்யுது" என்று இழுப்பார்கள்.

காரணம் எளிது. பல செட்டுகளில் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டும், தண்ணீரைச் சுடவைத்து ரேடியேட்டருக்கு அனுப்பும் பாய்லர் பக்கத்தில் இருந்து அதை இயக்கும் ரிசீவரும் வைஃபையில் பேசிக்கொள்வதில்லை. ஜிக்பீ, 868 மெகாஹெர்ட்ஸ் என்று அவற்றுக்குத் தனி ரேடியோ. இவற்றைப் போன் ஆப்போடு இணைக்கும் ஹப் என்ற பெட்டிக்கு மட்டும்தான் ரூட்டர் தேவை. அதனால் இணையம் செத்தால் ஆப் மட்டும் செத்துப்போகும். தெர்மோஸ்டாட்டில் கையால் ஏற்றிப் பாருங்கள், பாய்லர் எரியும். எரிந்தால் இன்றிரவு குளிரில் நடுங்க வேண்டியதில்லை, நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்து விளக்கு. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நிற இலக்கணம் கிடையாது. ஒன்றில் பச்சை என்றால் எல்லாம் நலம். இன்னொன்றில் பச்சை என்றால் பாய்லர் இப்போது எரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு என்றாலே கோளாறு என்று பதறவும் வேண்டாம். சில ரிசீவர்களில் 'கரண்ட் இருக்கிறது, சூடு இப்போது தேவைப்படவில்லை' என்பதற்கே சிவப்புதான். கையேட்டில் உங்கள் மாடலின் பக்கத்தை மட்டும் படித்தால் போதும்.

மினுக்கும் விதத்தைக் கண்ணால் எண்ணாதீர்கள். போனை எடுத்து அரை நிமிடம் வீடியோ பிடியுங்கள். மூன்று மினுக்கு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று என்று வந்தால் அது பிழைக் குறியீடு. இடைவெளியே இல்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எதையோ தேடுகிறது என்று பொருள். நேரில் எண்ணுகிறவர் நாலா அஞ்சா என்று குழம்புவார், வீடியோ குழம்பாது. இன்னொன்று, ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவது சிரமம். சந்தேகம் இருந்தால் வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரண்ட் போய் வந்த பிறகு தொடங்கிய மினுக்கல் என்றால் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ரூட்டர் விழித்தெழ நேரமெடுக்கும், அதற்குள் ஹப் தேடிச் சலித்திருக்கும். அப்படியும் நிற்காவிட்டால் ரூட்டர் முழுதாக எழுந்தபின் ஹப்பை மட்டும் ஒருமுறை பிடுங்கிச் சொருகுங்கள்.

எனக்கு வரும் வைஃபை புகார்களில் அதிகம் புது ரூட்டர் மாற்றிய வீடுகளிலிருந்துதான். போன், டிவி எல்லாம் ஓடும். ஹீட்டிங் மட்டும் மஞ்சளில் மினுக்கும். புது ரூட்டரின் வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸ் வரை ஒன்றும் மாறக் கூடாது. பெரும்பாலான கருவிகள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும், ஆப்பைத் தொடவே வேண்டாம். அப்படியும் வராவிட்டால் ரூட்டர் செட்டிங்கில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அணைக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கருவிகளில் பல 5 கிகாஹெர்ட்ஸைக் காணவே காணாது. இரண்டு, வைஃபையின் பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருக்கிறதா? அதை டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

ஆப்பில் புதிதாகச் சேர்க்கும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறதா? உங்கள் போனைச் சந்தேகியுங்கள். பல கருவிகள் முதலில் தாமே ஒரு குட்டி வைஃபையை உண்டாக்கும். அதில் இணையம் இல்லை என்று கண்ட போன், சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியும், ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதியும் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வைஃபை விளக்கு நன்றாக எரிந்தும் ஆப் 'ஆஃப்லைன்' என்றால் வீட்டு வைஃபையில் குற்றமில்லை. அதே வைஃபையில் போனில் இணையம் வருகிறதா பாருங்கள். வந்தால் கம்பெனியின் சர்வர் படுத்திருக்கலாம். அதற்கு நீங்களும் நானும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வந்து வந்து போகிறது என்றால் சிக்னல். பாய்லர் ஓர் இரும்புப் பெட்டி. அதன் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வைத்தால் அலை திணறும். சிக்னல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, கருவி இருக்கும் இடத்திலேயே பாருங்கள். அது டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும், மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். மைனஸ் 67 வரை தாராளம். மைனஸ் 80-ஐத் தாண்டி 85, 90 என்று போனால் தொல்லைதான். ஜிக்பீ ஹப்பை ரூட்டர் மேலேயே வைக்கும் பழக்கமும் வேண்டாம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே கத்துகின்றன. ஒரு மீட்டராவது தள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டில் பேட்டரி இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். திரை எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ரேடியோ அனுப்பும் அந்த நொடியில்தான் கரண்ட் அதிகம் கேட்கும், பலவீனமான பேட்டரி அங்கேதான் கவிழும். ரீசார்ஜபிள் பேட்டரி 1.2 வோல்ட்தான், சாதாரணது 1.5. பல கருவிகளுக்கு அது ஒத்துவராது.

ஃபேக்டரி ரீசெட் கடைசி ஆயுதம். இணையத்தில் படித்துவிட்டு எடுத்த எடுப்பிலேயே பட்டனை அழுத்திப் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பல மாடல்களில் அது வைஃபை விவரத்தோடு ரிசீவருடன் இருந்த இணைப்பையும் அழித்துவிடும். அதுவரை ஆப்தான் ஓடவில்லை. இப்போது வீடும் சூடாகாது. செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஷெட்யூலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ரேடியேட்டரே சில்லென்று கிடந்தால் இதெல்லாம் வேண்டாம், பாய்லர் முகப்பைப் பாருங்கள். தண்ணீர் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றும் பல சீல்டு வகை பாய்லர்களில் தண்ணீர் ஆறியிருக்கும்போது அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். அதற்கு மிகக் கீழே விழுந்தால் சில பாய்லர்கள் தாமே பூட்டிக்கொள்ளும். வைஃபையை என்ன செய்தாலும் எழாது. ரிசீவரின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள், உள்ளே மெயின்ஸ் கரண்ட். ஆளைக் கூப்பிடும்போது அந்த அரை நிமிட வீடியோவையும் மாடல் நம்பரையும் முதலிலேயே அனுப்பிவிடுங்கள். வருகிறவர் சரியான சாமானோடு வருவார்.