சென்னை வெயிலில் போன் பேட்டரி: ஒரு நாள் தாங்கவும், சில வருடம் உழைக்கவும்

பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வரும் ஆண்ட்ராய்டு போன்களில் இப்போது பெரும்பாலும் 5000 எம்ஏஎச் அல்லது அதற்கு மேற்பட்ட பேட்டரிதான். வாட்ஸ்அப், யூடியூப், கொஞ்சம் மேப் என்று ஓட்டினால் காலையிலிருந்து படுக்கப் போகும்வரை தாங்க வேண்டும். தாங்கவில்லையா? ஏதோ ஒன்று சார்ஜைக் குடிக்கிறது, இல்லையென்றால் பேட்டரியே தேய்ந்துவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் எது என்று பார்த்துவிடுங்கள்.

படி 1: ராத்திரி சோதனை

படுக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மறுபடி பாருங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் ஐந்து சதவீதத்துக்குள் இறங்கியிருந்தால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால், திரை அணைந்திருந்தும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

அது என்ன என்று செட்டிங்ஸ் > பேட்டரி > பேட்டரி யூசேஜ் பகுதி சொல்லும். ஒவ்வொரு கம்பெனியும் மெனுவுக்கு ஒவ்வொரு பெயர் வைக்கிறது. கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'பேட்டரி' என்று தட்டுங்கள். பெரிய சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட கையோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஓரிரு நாள் போன் பின்னணியில் வேலை செய்துகொண்டிருக்கும், சார்ஜும் வேகமாக இறங்கும்.

படி 2: சிக்னல்

பலரும் கவனிக்காத இடம் இது. டவர் சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் டவருக்குச் சிக்னல் அனுப்பும் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். பேஸ்மென்ட் பார்க்கிங், லிஃப்ட், அடுக்குமாடியின் உள்ளறை, சிக்னல் விட்டுவிட்டு வரும் சுரங்க மெட்ரோ என எங்கேயும் கையில் எடுக்காமலே சார்ஜ் கரைவது இதனால்தான்.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ 5ஜி ஒரு கோடு வந்து மறைகிறது என்றால் செட்டிங்ஸ் > மொபைல் நெட்வொர்க் > உங்கள் சிம் > நெட்வொர்க் வகை என்று போய் 4ஜி-யைத் தேர்ந்தெடுங்கள். 2ஜி, 3ஜி வேண்டாம். ஜியோவில் அவை கிடையவே கிடையாது. ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் இரண்டாவது சிம்மை அணைத்துவிடுங்கள், அதுவும் டவரைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் வைஃபை இருந்தால் 'வைஃபை காலிங்' ஆன் செய்யுங்கள், கால்கள் டவருக்குப் பதில் வைஃபை வழியே போகும்.

படி 3: ஆப்கள்

யூசேஜ் பட்டியலில் முதல் நான்கைந்து இடங்களில் நீங்கள் அதிகம் திறக்காத ஆப் ஏதாவது இருந்தால், அதன் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ > பேட்டரி > 'ரெஸ்ட்ரிக்டெட்' ஆக்குங்கள். வாட்ஸ்அப், மெயில், அலாரம் ஆகியவற்றுக்கு இதைச் செய்யாதீர்கள். மெசேஜ் தாமதமாக வரும், அலாரம் அடிக்காமலே போகலாம். சாப்பாடு, ஆட்டோ, கேப் ஆப்களுக்கு லொகேஷன் அனுமதியை 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். குடும்ப குரூப்பில் வந்து குவியும் வீடியோக்களுக்கு, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தலாம்.

ரீசன்ட் ஆப்களை நிமிடத்துக்கொரு முறை தள்ளி மூடும் பழக்கத்தை விடுங்கள். மூடிய ஆப்பை முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் சார்ஜ் ஆகும். சார்ஜை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு பிளே ஸ்டோரில் கிடைக்கும் 'பேட்டரி டாக்டர்' வகையறா ஆப்களை நீக்கிவிடுவது நல்லது.

படி 4: திரை

பிரைட்னஸ் ஆட்டோவில் இருக்கட்டும். 120 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்றால் 60-க்கு இறக்குங்கள். டார்க் மோட் அமோலெட் திரையில்தான் பலன் தரும், அதில் கறுப்பு வரும் புள்ளிகள் அணைந்துவிடும். எல்சிடி-யில் கறுப்பு நிறத்துக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

படி 5: சூடு

மேலே சொன்னதெல்லாம் இன்றைய சார்ஜுக்கு. பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடு; சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. போன் பேட்டரியில் இருக்கும் லித்தியம் அயான் செல் 100 சதவீதத்தில் இருக்கும்போது அதன் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் வெப்பமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் வேகமாகச் சிதைந்து எதிர்மின்வாயில், அதாவது நெகட்டிவ் முனையில், படலமாகப் படியும். அதில் சிக்கிய லித்தியம் பிறகு வேலைக்கு ஆகாது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஃபுல் சார்ஜும் சூடும் ஒன்றாகச் சேர விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

கத்திரி வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் ஓட, முழு பிரைட்னஸில், சார்ஜும் போட்டுக்கொண்டு போவதைவிட மோசமான கூட்டணி இல்லை. மேப்பின் குரலை இயர்போனில் கேட்டுக்கொண்டு போன் சட்டைப்பையில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலும் காரின் டேஷ்போர்டிலும் போனை வைக்காதீர்கள்.

சார்ஜ் போடும்போது பவுச்சைக் கழற்றுங்கள். தலையணை, மெத்தை வேண்டாம். ஃபேன் காற்று படும் மேசை போதும். அப்போது கேம் ஆடாதீர்கள். போன் கொதித்தால் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள் சிலர், உள்ளே நீர் கோத்து போர்டு போய்விடும். பவுச்சை எடுத்துவிட்டு நிழலில் பத்து நிமிடம் வைத்தாலே ஆறிவிடும்.

பல போன்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. சாம்சங்கில் 'பேட்டரி புரொடெக்‌ஷன்' என்று தேடுங்கள். இரவெல்லாம் சார்ஜரிலேயே விட்டுவிட்டுத் தூங்குபவர்கள் இதைக் கட்டாயம் போட வேண்டும். வெளியூர் போகும் நாளில் மட்டும் 100 வரை ஏற்றினால் குற்றமில்லை. பழைய போனை எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

படி 6: எப்போது பேட்டரியை மாற்றுவது?

30 சதவீதம் காட்டும்போதே கேமராவைத் திறந்ததும் போன் அணைகிறதா? செல் தேய்ந்து அதன் உள்மின்தடை கூடிவிட்டது. திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. இதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. பின்மூடி உப்பியிருந்தால் அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். ரிச்சி தெருவில் மாற்றுவதென்றால் பில்லும் வாரண்டியும் எழுதி வாங்குங்கள். பேட்டரியிலும் சார்ஜரிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் தட்டி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கடையிலேயே பார்த்துவிடலாம். மூடியைப் பிரித்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் பசையும் போய்விடும். புதுப் பசை ஒட்டச் சொல்லுங்கள். அப்படியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் போனை நனைய விடாதீர்கள்.

புது பேட்டரி போட்ட முதல் ஓரிரு நாள் சதவீதம் தாறுமாறாகக் குதிக்கலாம். ஒரு தடவை பத்துக்குக் கீழே இறங்க விட்டு, இடையில் கழற்றாமல் 100 வரை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.