கலோல்சவத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு

கலோல்சவம் என்றால் கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டி விழா. உபஜில்லா என்பது ஜில்லாவுக்குக் கீழே உள்ள கல்விப் பிரிவு. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியர் தலையில்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் வேலை விழும். ஒருநாள் ஹெச்.எம். கூப்பிட்டு, "உபஜில்லா கலோல்சவத்துக்கு இந்த வாட்டி நீங்க எஸ்கார்ட் போயிருங்க" என்பார். வண்டி எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக் கூப்பன் யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் சொல்வார். முப்பது பிள்ளைகளை ஒரு பகலும் அரை ராத்திரியும் எப்படிக் கட்டி மேய்ப்பது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பிள்ளைகளோடு சில வருடங்களாகப் போய் வருகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வருடம் நான் வாட்டசாட்டமான நாலு பையன்கள் மேல் மட்டும் கண் வைத்திருந்தேன். ரகளை என்று வந்தால் அவர்களால்தான் வரும் என்று நினைப்பு. அன்றைக்குப் புகார் வந்தது எங்கள் கூட்டத்திலேயே சாதுவான பையன் மேல். அந்தக் கதை படி 5இல் வருகிறது. இப்போது என் கணக்கு வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான வம்பு முளைக்கிறது. ஆகவே காத்திருக்கும் நேரத்துக்கு முதலில் திட்டம் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: புள்ளிக் கணக்கைப் புரிய வையுங்கள்

போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பீரியட் எடுத்து இதைச் சொல்லிவிடுங்கள். மாநிலப் பள்ளிக் கலைவிழா 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று நாலு படி ஏற வேண்டும். 80 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கினால் ஏ கிரேடு, 5 புள்ளி. 70க்கு மேல் பி, 3 புள்ளி. 60க்கு மேல் சி, 1 புள்ளி. பக்கத்துப் பள்ளி ஏ கிரேடு வாங்கினால் நம் ஏ கிரேடு குறைந்துபோகாது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் எதிர் அணி தடுமாறட்டும் என்ற ஆசை பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதி அடங்காது, அதையும் ஒத்துக்கொள்ளுங்கள். உபஜில்லாவிலும் ஜில்லாவிலும் முதலிடம்தான் மேலே போகும். அதனால்தான் கீழ் மட்டத்தில் சூடு அதிகம். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநில விழாவில் திருச்சூர் 1008 புள்ளி, நம் பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளியில் 117.5 பவுன் தங்கக் கோப்பை கைநழுவிப் போனது. எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

படி 2: முந்தைய நாள்

இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒருவன் காணோம் என்றால் மற்றவன் சொல்ல வேண்டும். ஸ்டீல் டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் அவரவர் பையில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கை விழா வளாகத்தில் விட மாட்டார்கள். போன் கொண்டுவருவதா இல்லையா என்பதைப் பள்ளியில் வைத்தே முடிவு செய்துவிடுங்கள். வாசலில் போய் அதற்குச் சண்டை பிடிக்க வேண்டாம்.

படி 3: இறங்கியதும் ஒரு சுற்று

பையை வைத்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை நடந்துவிடுங்கள். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, ஊட்டுப்புரை (சாப்பாட்டுக் கூடம்) எங்கே, நம் ஸ்டேஜ் எது, தொலைந்தால் எந்த மரத்தடியில் நிற்பது. சிறிய விழா என்றால் கால் மணி நேரம் போதும். மாநில விழா என்றால் வேறு கதை: 2025இல் 25 மேடைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றின் பெயர், நகரம் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

எழுத்துப் போட்டி நடக்கும் அறைகளையும் காட்டி வையுங்கள். ஒருமுறை எங்கள் பையன்கள் ஒரு வகுப்பறை வராந்தாவில் உட்கார்ந்து பெஞ்சைத் தட்டித் தாளம் பழகிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் தட்டினார்கள், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. கையில் மூடியில்லாத பேனாவோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சேட்டன்மாரே, உள்ளே கதாரசனையாணு." உள்ளே இருபது பிள்ளைகள் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள்! அதிலிருந்து பறையோ செண்டையோ பெஞ்சோ, எதுவானாலும் பழகுவது மைதானத்தின் கடைசி மூலையில்தான்.

படி 4: காத்திருக்கும் நேரத்துக்கு வேலை கொடுங்கள்

நோட்டீஸில் காலை பத்து மணி என்று இருக்கும். மேடை ஏறும்போது மாலை ஆறும் ஆகலாம், ராத்திரி பதினொன்றும் ஆகலாம். ஓர் அணிக்கு மேக்கப் முடிந்திருக்காது, இன்னோர் அணி கீழ் மட்ட முடிவை எதிர்த்து அப்பீலில் வந்து வரிசையில் சேர்ந்திருக்கும். "ஏனுங்க சார், நம்ம நெம்பரு எப்பங்க?" என்ற கேள்வி கால் மணிக்கு ஒருமுறை வரும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். "இதோ அடுத்தது நாமதான்" என்று இரண்டு முறை பொய் சொன்னால் மூன்றாவது முறை நீங்கள் அதட்டினாலும் கேட்க மாட்டார்கள்.

நான் செய்வது இது. மேக்கப் போடாத பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, இதுவரை பார்த்திராத ஒரு கலையைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். திரும்பி வந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன உடை, என்ன வாத்தியம், எந்த இடம் பிடித்தது. எங்கள் பிள்ளைகளுக்குச் சாக்கியார் கூத்து புதிது. முகத்தில் அரிசிமாவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்ற வேலை இருந்தால் சிரிப்பு ஒரு நிமிடத்தில் நின்று கவனிப்பு வந்துவிடுகிறது.

2024-25 கல்வியாண்டில் ஐந்து பழங்குடிக் கலைகளையும் சேர்த்தார்கள்: மங்கலங்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம். இருளர் நம் அட்டப்பாடிக்காரர்கள், பளியரும் மலைப்புலையரும் இடுக்கி எல்லைக்காரர்கள். பாட்டில் நம் காதுக்குப் பழகிய சொல் எத்தனை வருகிறது என்று எண்ணிக்கொண்டு வா என்று அனுப்பினேன். போன பையன் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

தூக்கத்தையும் திட்டத்தில் சேருங்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் நிழலில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும் எரிச்சல் வெகுவாகக் குறையும். பசியும் அப்படித்தான். ஊட்டுப்புரை வரிசையில் முந்தியடிப்பது பசி முற்றிய பிறகுதான், அதற்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

படி 5: மேடைக்கு முன்னால்

திரை மூடியிருக்கும்போது மட்டும் உள்ளே போகலாம், எழுந்து வெளியே வரலாம். திரை விலகிவிட்டால் இருந்த இடத்தில் உட்கார வேண்டும், கதவருகே மாட்டிக்கொண்டால் அங்கேயே நிற்க வேண்டும். போன் மௌனத்தில், ஃபிளாஷ் கிடையாது. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் கைதட்டல். யார் ஆடினாலும் தட்ட வேண்டும், நம் பள்ளிக்கு மட்டும் தட்டினால் அது ஊர் முழுக்கத் தெரியும்.

மலையாளத்தில் கூவுவது என்றால் சேவல் வேலை மட்டும் கிடையாது. நாடகம் சொதப்பினால் கூட்டம் நீட்டி இழுத்து ஊளையிடும், அதற்கும் அதுதான் பெயர். பக்கத்தில் நூறு பேர் கூவும்போது நம் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள், வேடிக்கையாகத்தான். "நீங்க அடுத்து ஏறப்போற மேடை இது" என்று காதில் சொல்லுங்கள், போதும்.

இப்போது அந்தச் சாது பையன் கதை. தமிழ்ப் பத்யம் சொல்லல், அதாவது செய்யுள் ஒப்பிக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. அவன் சொல்லி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேறொரு பள்ளியிலிருந்து வந்த சின்னப் பெண் கணீரென்று சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். ஒரு நொடி, இரண்டு நொடி. மறந்துவிட்டாள் என்று இவன் பதறிப்போய் அடுத்த வரியைச் சத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டான். அரங்கமே திரும்பிப் பார்த்தது. நடுவர்களுக்கு யார் என்ன என்று தெரியாது, கையில் இருப்பது பெயருக்குப் பதிலாகக் கொடுத்த கோடு நம்பர் மட்டும். கீழேயிருந்து உதவி கிடைத்தது என்றுதானே அவர்கள் எழுதுவார்கள்? அவளுடைய டீச்சர் கொதித்துப்போய் என்னிடம் வந்தார். அவனைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு அந்த வரி தெரியுங்கண்ணா. மூச்சு வாங்கத்தான் நின்னேன்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

யாராவது மேடையில் நின்றுபோனால் கீழே இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருக்க முன்கூட்டியே பழக்க வேண்டும். இப்போது வகுப்பிலேயே ஒத்திகை வைக்கிறேன்: ஒருவர் வேண்டுமென்றே பத்து நொடி நிற்க, மற்றவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படி 6: ரிசல்ட் வந்ததும்

பலகையைப் பார்க்க ஒருவரை மட்டும் அனுப்புங்கள். மோசமான முடிவு வந்தால் மேடை முன்னால் கூடாமல் பிள்ளைகளை நேராக மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். அழட்டும், திட்டட்டும், அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆட்சேபம் இருந்தால் அப்பீல் உண்டு. அதற்கு நேரக் கெடுவும் கட்டணமும் உண்டு, அந்த வருட நோட்டீஸில் முதலிலேயே படித்து வையுங்கள். அந்தக் காகிதத்தோடு போக வேண்டியது பெரியவர் ஒருவர் மட்டும்.

2024 நவம்பரில் கொச்சியில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவின் நிறைவு நிகழ்ச்சியில் புள்ளிக் கணக்கை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. இரண்டு பள்ளிகளுக்கு அடுத்த விழாவில் தடை போட்டார்கள். வருத்தம் தெரிவித்த பிறகுதான் அதை விலக்கிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் எந்தத் தப்பும் செய்யாத பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் முன்னால் நின்று கத்தினால் பிள்ளைகள் பின்னால் வந்து நிற்பார்கள். நானே ஒருமுறை மேடைப் பொறுப்பாளரிடம் குரலை உயர்த்திவிட்டுத் திரும்பினால், என் பின்னால் பதினோரு பேர் வரிசையாக நிற்கிறார்கள்.

நல்ல முடிவு வந்தாலும் இதே மரத்தடிதான். 1958 விழாவில் கர்நாடக இசையில் முதலிடம் யேசுதாஸுக்கு, மிருதங்கத்தில் ஜெயச்சந்திரனுக்கு. பின்னாளில் இரண்டு பேருமே சினிமாவில் பாடினார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்: இன்றைக்குப் பக்கத்து வரிசையில் இருப்பவன் நாளைக்கு அதே தொழிலில் கூட இருப்பான்.

படி 7: கிளம்பும்போது

மேக்கப் பஞ்சு, சடைக்கு வைத்த பூ, சாப்பிட்ட இலை எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகு தலையை எண்ணுங்கள். வண்டி ஏறியதும் மறுபடி எண்ணுங்கள். அப்புறம் பிள்ளைகளை அவிழ்த்துவிடலாம். காலையிலிருந்து அடக்கி வைத்த தாளத்தை எல்லாம் சீட்டு முதுகில் தட்டித் தீர்ப்பார்கள். கொழிஞ்சாம்பாறை வருவதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். மீதிப் பேரைத் தட்டச் சொல்லிவிட்டு நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன்.