எழுத்துக்கு ஒரு படப்பிடிப்பாளர்

“எழுத்துத்தானே, அதற்கு எதற்குத் தனியாக ஒரு படப்பிடிப்பாளர்? கோயில் கலியாணத்துக்குத்தான் ஆள் பிடித்தாயிற்றே” என்றார் அப்பா. தங்கையின் எழுத்துக்கு, அதாவது பதிவுத் திருமணத்துக்கு, அப்போது ஆறு வாரம் இருந்தது. நான் என்னுடைய எழுத்துப் படங்கள் இருந்த உறையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். “இதில் அம்மா எங்கே என்று பாருங்கள்” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்மா ஒரு படத்திலும் இல்லை. முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கமராக்காரர்கள் எங்களையே எடுத்துக்கொண்டு நின்றார்கள். கடைசிவரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மகள் உறுதிமொழி சொன்னபோது அம்மா கண்டதும் அந்த இரண்டு முதுகுகளைத்தான்.

அவர்கள் கெட்டிக்காரர்கள். கோயில் கலியாணத்துக்கு எடுத்த படங்கள் இன்றும் அழகாக இருக்கின்றன. ஆனால் ஐந்நூறு பேர் மண்டபத்தில் எடுத்துப் பழகிய கை, இருபது பேர் அறைக்குள் வந்ததும் தடுமாறிவிட்டது. படப்பிடிப்பு விளக்குகளை அறைக்குள் வைக்கக் கூடாது என்று பதிவாளர் சொன்னது அவர்களுக்கு அன்று காலையில்தான் தெரியும். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், தங்கையின் எழுத்துக்கு நானே ஆள் தேடுவதென்று. தேடியபோது கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தில், அதுவும் லண்டனில், சிறிதாக எழுத்து வைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு உதவும்.

முதலில் நாள். பதிவு அலுவலகத்தில் இருவரும் நேரில் போய்த் திருமண அறிவித்தல் கொடுத்த பிறகு குறைந்தது 28 முழு நாள்கள் காத்திருக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமையில் இருந்தால் அது 70 நாள்வரை நீளலாம். ஆகவே அலுவலகம் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்த பிறகே படப்பிடிப்பாளருக்கு முற்பணம் கொடுங்கள். சனிக்கிழமை என்றால் நல்ல படப்பிடிப்பாளர் பலர் முழுநாள் வேலையையே எதிர்பார்ப்பார்கள்; இரண்டு மணிநேரத்துக்கு வர மனம் வராது. வியாழன், வெள்ளி என்றால் அதே ஆள் பாதி விலைக்கும் வருவார். தங்கையின் எழுத்தை வியாழக்கிழமைக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மணிநேரத்துக்கு 380 பவுண் கொடுத்தோம்.

நேரத்தைத் தெரிவுசெய்யும்போது வெளிச்சத்தையும் நினையுங்கள். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். மூன்று மணிக்கு எழுத்து வைத்தால் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். குளிர்காலம் என்றால் பதினொரு மணியும் பன்னிரண்டு மணியுமே நல்லவை.

அடுத்து, படப்பிடிப்பாளரைத் தேடுவதற்கு முன்பே அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பலர் இதைச் செய்வதில்லை. நான் நான்கு கேள்விகள் கேட்டேன். படப்பிடிப்பாளர் எங்கே நிற்கலாம்? ஃபிளாஷ் அனுமதிக்கப்படுமா, எந்தக் கட்டத்தில்? எங்களுக்கு அடுத்த சோடி எத்தனை மணிக்கு? அறையில் அனுமதிக்கப்படும் ஆள்தொகையில் படப்பிடிப்பாளரும் சேர்த்தியா? கடைசிக் கேள்வி முக்கியமானது. பெரும்பாலும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். சிறிய அறையென்றால், கமராவோடு இரண்டாவது ஆளைக் கூட்டிவந்தால் வாசலில் ஒரு மாமா நிற்க வேண்டியிருக்கும். ஒருவர் போதும்.

தங்கையின் எழுத்து மோர்டன் பார்க் ஹவுஸில் நடந்தது. 1770இல் கட்டிய வீடு. மெர்ட்டன் நகரசபையின் பதிவு அலுவலகம் அதில்தான் இருக்கிறது. டூட்டிங், மிச்சம், மோர்டன் பக்கத்துத் தமிழர் பலருக்குத் தெரிந்த இடம். சுற்றிவரப் பூங்கா இருப்பதால் வெளியே எடுக்க இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கத்தில் மோர்டன் ஹால் பார்க் என்று வேறொன்று இருக்கிறது. அது நேஷனல் ட்ரஸ்ட் என்ற மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பின் இடம். அங்கே தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் எங்கள் உறவினர் ஒருவர் அங்கே போய் நின்றுகொண்டு எங்களைத் தேடினார். நகரின் நடுவில் எழுத்து வைத்து, பிறகு ரீஜென்ட்ஸ் பார்க்கிலோ டிரஃபால்கர் சதுக்கத்திலோ படமெடுக்க நினைப்பவர்களும் அனுமதி விதிகளை முதலே பார்த்துவிடுங்கள். அந்த வேலை யாருடையது, உங்களுடையதா படப்பிடிப்பாளருடையதா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

இனி ஆளைத் தெரிவுசெய்வது. இணையத்தில் போட்டிருக்கும் முப்பது அழகான படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். யாரிடமும் முப்பது நல்ல படங்கள் இருக்கும். “பதிவு அலுவலகத்தில் நீங்கள் எடுத்த ஒரு எழுத்தின் படங்கள் எல்லாவற்றையும் காட்டுங்கள், முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை” என்று கேளுங்கள். நான் ஏழு பேரிடம் கேட்டேன், மூவர்தான் காட்டினார்கள். அந்த மூன்று தொகுப்புகளையும் ஓர் இரவு முழுக்க இருந்து பார்த்தேன். நான் தேடியது மணமக்களை அல்ல, மற்றவர்களை. அம்மாக்கள் இருக்கிறார்களா? சாட்சிக் கையெழுத்துப் போடுபவரின் முகம் தெரிகிறதா? பின்வரிசையில் இருக்கும் பிள்ளை கொட்டாவி விடுவது தெரிகிறதா? ஒருவருடைய தொகுப்பில் முதியவர் ஒருவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கும் படம் இருந்தது. அவர் மணமக்களுக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியாது. அந்தப் படத்தை எடுத்த பெண்ணைத்தான் பிடித்தேன்.

நம்முடைய நிறத்தையும் நிச்சயம் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, கறுத்த முகம், சரிகை மின்னும் பட்டுச் சேலை, இத்தனையும் ஒரே சட்டகத்துக்குள் வரும்போது கமரா தானாகக் கணக்குப் போட்டால் முகம் இருண்டுவிடும், அல்லது சரிகை வெளிறிப்போகும். கையால் அளவை மாற்றத் தெரிந்தவர் வேண்டும். ஆகவே தமிழரையோ ஆபிரிக்கரையோ இவர் அறைக்குள் எடுத்த படங்களைக் கேட்டுப் பாருங்கள். தோல் சாம்பல் பூசியதுபோல இருக்கிறதா? எல்லாப் படத்திலும் ஒரே பழுப்புச் சாயல் ஏற்றியிருக்கிறாரா? அந்தச் சாயலில் அரக்குச் சிவப்புக் கூறைச் சேலை செங்கல் நிறமாகிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது எனக்கு இன்னும் அதிகம் வலிக்கிறது. நம்மவர்களிலேயே சிலர் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார்கள். என் தங்கை என்னைவிடக் கறுப்பு. அவள் பாடசாலைக் காலத்தில் எடுத்த ஒரு படத்தை இப்படி ‘திருத்தி’க் கொடுத்தபோது அவள் அதைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். இந்த முறை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினோம்: தோலின் நிறத்தை மாற்றக் கூடாது, முகத்தை மெலிய வைக்கக் கூடாது. எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கேள்வி போதும். ஃபிளாஷ் இல்லாமல் அறை வெளிச்சத்தில் எடுப்பதற்கு எஃப் 1.8, எஃப் 2 போன்ற அகன்ற துளையுள்ள லென்ஸ் இருக்கிறதா? சத்தமில்லாத ஷட்டரைப் பயன்படுத்துவாரென்றால், எல்ஈடி விளக்குக்குக் கீழே அது படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழுத்தக்கூடும் என்பது அவருக்குத் தெரியுமா? எங்கள் படப்பிடிப்பாளர் முந்தின வாரமே அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது, மணமகள் அந்தப் பக்கம் முகம் தெரியும்படி நிற்கட்டும்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் என் மனம் ஆறியது.

சடங்கில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைப் படப்பிடிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். பதிவு அலுவலக எழுத்தில் சமயச் சடங்கு எதற்கும் சட்டம் இடம் கொடுக்காது. தேவாரம் இல்லை, ஐயர் இல்லை. மாலை மாற்றலாமா என்று பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; எங்களுக்குச் சம்மதித்தார்கள். தாலி கோயிலில்தான். ஆகவே படப்பிடிப்பாளர் காத்திருக்க வேண்டிய தருணங்கள் மூன்று: உறுதிமொழி, மோதிரம், கையெழுத்து. மொத்தம் இருபது நிமிடம். பதிவாளர் அதற்கு முன்பு மணமகனையும் மணமகளையும் தனித்தனியே கூப்பிட்டு விவரங்களைச் சரிபார்ப்பார். அந்த இடைவெளியில் வெளியே காத்திருப்பவர்களை எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் சில அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்தவை.

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய பெரிய பதிவேடு இல்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கணினியில் பதிகிறார்கள். அந்த மாற்றத்தோடு மணமக்களின் தாய்மாருடைய பெயரும் பதிவில் வந்தது. அதற்கு முன்பு தகப்பன் பெயர் மட்டுந்தான். என் எழுத்தில் அம்மாவின் பெயர் இல்லை. தங்கையின் எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட உண்மைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கப் பொதுவாக விடமாட்டார்கள். படத்துக்கென்று வெற்றுத்தாள் ஒன்றை வைப்பார்கள். நான் படப்பிடிப்பாளரிடம் சொல்லிவைத்தேன்: “தாள் வேண்டாம். தங்கை கையெழுத்துப் போடும்போது அம்மாவைப் பாருங்கள்.” பார்த்தார், எடுத்தார். அந்தப் படம் இப்போது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அப்பாதான் ஆணி அடித்தார்.

கைத்தொலைபேசிகளுக்கு ஒரு வழி பண்ணுங்கள். முன்வரிசையில் ஆறு பேர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றால் எவ்வளவு நல்ல படப்பிடிப்பாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. தொடங்கும்போது ஒரு வார்த்தை சொல்லும்படி பதிவாளரையே கேட்டுக்கொண்டோம். நாங்கள் சொன்னால் கோபிக்கிற சித்தப்பாவும் பதிவாளர் சொன்னால் கேட்பார். ஒரே ஒரு தொலைபேசிக்கு மட்டும் விலக்கு: யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மம்மா வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே காலை பதினொன்றரை, அங்கே மாலை நான்கு மணி. அந்தத் தொலைபேசியை வெறும் கதிரையொன்றில் சாய்த்துவைத்தோம், அம்மம்மாவும் வந்து இருப்பதுபோல. அதையும் எடுக்கச் சொல்லியிருந்தோம்.

குடும்பப் படங்களுக்கு எட்டுக் கூட்டங்களுக்கு மேல் போடாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். அதற்குள் அடுத்த சோடியின் ஆட்கள் படியில் ஏறிவிடுவார்கள். பெயர்ப் பட்டியலைப் படப்பிடிப்பாளரிடம் கொடுப்பதால் பயனில்லை, அவருக்குப் பெரியம்மா யார், மாமி யார் என்று தெரியாது. எல்லோரையும் தெரிந்த, குரல் பெரிதான ஒருவரிடம் கொடுங்கள். எங்களுக்கு மச்சாள் இருந்தாள். முதியவர்களை முதலில் எடுத்துக் காருக்கு அனுப்பிவிட்டாள்.

ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். எத்தனை மணிநேரம், எத்தனை படம், எந்த நாளுக்குள் தருவார், அன்று நோய்வாய்ப்பட்டால் யாரை அனுப்புவார், மழை வந்தால் என்ன திட்டம். இவற்றோடு பலர் மறக்கும் ஒன்று: படத்தின் உரிமை. 1988ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுப்பித்தாலும் பதிப்புரிமை எடுத்தவருடையது. ஆனால் அதே சட்டத்தின் 85ஆம் பிரிவு, சொந்தத் தேவைக்காக எடுப்பித்த படங்களைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கும் உரிமையை எடுப்பித்தவருக்குக் கொடுக்கிறது. படப்பிடிப்பாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கக்கூடும். வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நம் குடும்பங்களில் இது சிறிய விடயம் அல்ல. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், எழுத்து முடிந்த அன்று மாலையே படங்கள் படப்பிடிப்பாளரின் இன்ஸ்டகிராமில் வந்துவிட்டன. கோயில் கலியாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது. கனடாவில் இருந்த பெரியப்பாவுக்கு அப்போது சொல்லியிருக்கவே இல்லை. அவர் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தார். அந்த மனத்தாங்கல் கலியாணத்தன்றும் தீரவில்லை. நாங்கள் “கோயில் கலியாணம் முடியும்வரை எங்கும் போடக் கூடாது, அதன்பிறகும் கேட்டே போட வேண்டும்” என்று எழுதினோம். அந்தப் பெண் மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டார்.

படங்கள் மூன்று வாரத்தில் வந்தன, 140. இணைப்பு சில மாதங்களில் காலாவதியாகிவிடும் என்று எழுதியிருந்தது. அன்றிரவே இறக்கி இரண்டு இடத்தில் சேமித்தோம். இருபது படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, அந்த மாதம் யாழ்ப்பாணம் போன ஒருவரின் கைப்பையில் அம்மம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம். கதிரையில் சாய்த்துவைத்த தொலைபேசியின் படம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.