குடியை நிறுத்தும் முதல் நான்கு நாட்கள்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போய்வரும் சுகாதாரச் செவிலியர் நான். ‘இன்னையோட நிறுத்திட்டேன் சிஸ்டர்’ என்று ஒருவர் சொன்னால் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காய்ச்சலும் அடிக்கும். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள் அக்கா, உயிர் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மழையில் மலைப்பாதை அடைபடும் ஊர் இது. இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதனால் நிறுத்தும் முன்பே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததா, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும் தயாமின் என்ற வைட்டமினும் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுத் தூக்க மாத்திரை கூடவே கூடாது.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிரம் என்ற, மதுவோடு சேர்ந்தால் உடம்பைத் தாக்கும் மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் அவர் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் கூடும்.

குளிருக்காகத்தான் குடிக்கிறேன் என்பார்கள். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியேற்றும். சூடாகத் தோன்றுமே தவிர, உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

ஆலோசனைக்கு 14446, கட்டணமில்லை. அவர் பேச மறுத்தாலும் நீங்கள் பேசலாம்.