வால்வெள்ளியைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

விடியற்காலை வால்வெள்ளி கண்ணில் படாமல் போவதற்கு முதல் காரணம் நிற்கும் இடம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. 1,000 மீட்டர் மலை, 10 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஏறக்குறைய 6 டிகிரி வானத்தை மறைக்கும். மேற்கே தள்ளிப்போய் 30 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் 2 டிகிரிதான். செம்பனை (எண்ணெய்ப் பனை) இன்னும் மோசம்: 12 மீட்டர் மரத்துக்கு 50 மீட்டர் தள்ளி நின்றாலும் 12 டிகிரி போய்விடும். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. முதல் நாளே அளந்து பாருங்கள். மறுநடவு செய்த இளங்கன்றுக் காடுதான் தோதான இடம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிடுங்கள், காவலாளியிடம் விளக்கம் சொல்லும் நேரத்தில் வானம் வெளுத்துவிடும்.

பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்கு) கிளம்பும் நேரத்தில் எழுந்தால் போதும் என்பது அடுத்த தவறு. சூரியன் உதிக்க 70 நிமிடம் இருக்கும்போதே வெளுப்பு தொடங்குகிறது. ஏழு மணிக்கு உதயம் என்றால் ஐந்தரைக்கே இடத்தில் இருக்க வேண்டும். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதால், தலைக்கு முன்பே மலைமேல் எழுந்து தெரியலாம். 2024 செப்டம்பர் கடைசியில் வந்த சுச்சின்ஷான்–அட்லாஸ் வால்வெள்ளி போல, சூரியனை ஒட்டி வருபவை அடிவானத்திலேயே தங்கும். இணையத்தில் காணும் நேரம் பெரும்பாலும் உலக நேரம் (UTC). மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்டுங்கள். 30ஆம் தேதி 22:30 என்றால் நமக்கு மறுநாள் காலை 6:30.

ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்சில் பனி படரும். துடைத்தாலும் திரும்பப் படியும். ஒரு மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

லென்சில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். 50 மி.மீ. லென்சு, எஃப்/2, ஐஎஸ்ஓ 1600, 5 நொடி என்று தொடங்கலாம். அதற்கு மேல் நீட்டினால் நட்சத்திரம் கோடாகும். முக்காலி கட்டாயம், 2 நொடி டைமரும். வெளுக்க வெளுக்க நொடியைக் குறையுங்கள். கைப்பேசி என்றால் பிரதான லென்சில் இரவு முறை. ஜூம் செய்தால் வெறும் மசமசப்புதான்.

இருகண் தொலைநோக்கியால் (பைனாகுலர்) தேடுவது நல்லது, 7x50 (7 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன் லென்சு) போதும். ஆனால் உதயத்துக்கு 10 நிமிடம் இருக்கும்போதே மூடி வையுங்கள். அதில் சூரியன் அகப்பட்டால் கண் போய்விடும்.