சென்னை வேலையை விட்டு பெங்களூரு போகலாமா: கணக்குப் போடும் முறை

சிடிசியை (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) அப்படியே ஒப்பிடாதீர்கள். நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் 4.81% கிராஜுவிட்டி (வேலையை விடும்போது சேவைக்காக நிறுவனம் தரும் பணிக்கொடை), நிச்சயமில்லாத போனஸ் மூன்றையும் கழித்து, மாதம் கைக்கு வருவதை மட்டும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். வாடகையை அலுவலகத்துக்கு அருகில் விசாரியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது பெங்களூரு வழக்கம்.

பலர் கோட்டை விடுவது கிராஜுவிட்டியில்தான். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு சேவை வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால், 40,000 × 15 ÷ 26 × 5 = சுமார் 1,15,385 ரூபாய். நாலைந்து மாதமே பாக்கியா? சேரும் தேதியைத் தள்ளித் தரச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம்.

பிஎஃப்பை எடுக்காமல் அதே யுஏஎன்னில் (நிறுவனம் மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புது நிறுவனக் கணக்குக்கு மாற்றுங்கள். பைக் 12 மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் மறுபதிவு, கர்நாடக வரி உண்டு. ஆஃபர் எழுத்தில் வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.