பதிவுகள் பெருகிய தளத்தை அடுக்கி வைப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று கேட்டு ஒரு பெரியவர் போன் செய்தார். அதை நான் மூன்று வருடம் முன்பே எங்கள் இணையதளத்தில் எழுதியிருக்கிறேன். அவரும் அங்கே தேடிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு நானே தேடினேன், எனக்கே சட்டென்று கிடைக்கவில்லை. அது மனதை உறுத்தியது.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கோட்டைகள், நடுகற்கள், மாம்பழ வகைகள் பற்றிய தளம் எங்களுடையது. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது. 300 பதிவுகளைத் தாண்டிய பிறகு அதை ஒழுங்குபடுத்திய வழியைச் சொல்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்பும் முழுத் தளத்துக்கும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் எழுதுங்கள்

கூகுள் ஷீட் போதும். ஒரு பதிவுக்கு ஒரு வரி. தலைப்பு, லிங்க், எழுதிய தேதி, எந்த ஊர், எதைப் பற்றி. கடைசி நெடுவரிசையில் 'இருக்கட்டும்', 'திருத்தணும்', 'இன்னொன்றோடு சேர்க்கணும்' என்று மூன்றில் ஒன்று. அலுப்பான வேலைதான், எனக்கு நான்கு மாலைகள் ஆயின. ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரே நடுகல்லைப் பற்றி இரண்டு முறை எழுதியிருந்தது இந்த ஷீட்டில்தான் தெரிந்தது.

படி 2: பிரிவுகளைக் குறையுங்கள்

மாங்காய் மண்டியில் லோடு இறங்கியதும் என்ன செய்கிறார்கள்? முதலில் ரகம் பிரிப்பார்கள். நீலம் ஒரு குவியல், செந்தூரா ஒரு குவியல். அப்புறம்தான் பெரிசு, சிறிசு பார்ப்பது. கேட்டகிரி என்பது அந்தக் குவியல். ஒரு பதிவு ஒரு குவியலில் மட்டும் இருக்கட்டும். எங்களிடம் 27 கேட்டகிரிகள் இருந்தன, இப்போது ஐந்து. வேண்டாத கேட்டகிரியை நீக்கினாலும் பதிவுகள் அழியாது. வேறு பிரிவு இல்லாதவை வேர்ட்பிரஸின் இயல்புப் பிரிவுக்குப் போய்விடும், அங்கிருந்து எடுத்துச் சரியான இடத்தில் வையுங்கள்.

மாவட்டத்தைக் கேட்டகிரி ஆக்க வேண்டாம் என்பது என் கருத்து. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முந்தைய நூல்களில் ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். தருமபுரியே 1965 வரை சேலத்தோடு இருந்தது. எல்லை மாறும், ஊர் மாறாது. ஊரை டேகில், அதாவது ஒரு பதிவுக்கு எத்தனை வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய அடையாளச் சொல்லில், வையுங்கள்.

படி 3: டேகில் ஒரே எழுத்து வழக்கு

எங்கள் தளம் குழம்பியதற்குப் பெரிய காரணம் இதுதான். தருமபுரி என்று ஒரு டேக், தர்மபுரி என்று இன்னொன்று. ஓசூர், ஹோசூர். ஒகேனக்கல், ஹொகேனக்கல். ஒரே மாங்காய்க்குப் பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு என்று மூன்று டேக். ராயக்கோட்டைப் பதிவும் இப்படித்தான் 'க்' விட்டுப்போன ஒரு டேகுக்குள் ஒளிந்திருந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தை முடிவு செய்து ஷீட்டில் எழுதுங்கள். பிறகு டேக் பட்டியலில் தவறான டேகுக்கு நேராக உள்ள எண்ணிக்கையைச் சொடுக்கினால் அதன் பதிவுகள் மட்டும் வரும். எல்லாவற்றையும் டிக் செய்து, பல்க் ஆக்‌ஷன்ஸில் எடிட் கொடுத்து, சரியான டேகைச் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகே தவறான டேகை நீக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் எந்தெந்தப் பதிவு என்று கண்டுபிடிக்க முடியாது.

மற்ற வடிவங்களைத் தூக்கி எறிய வேண்டாம். பதிவின் முதல் பத்தியிலேயே 'தோத்தாபுரி, கிளிமூக்கு என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வரி எழுதினால், அப்படித் தேடி வருபவருக்கும் கிடைக்கும்.

படி 4: லிங்க்கை உடைக்காதீர்கள்

தமிழில் தலைப்பு வைத்தால் லிங்க்கும் தமிழிலேயே உருவாகும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்களுமாக நீளும், பார்த்திருப்பீர்கள். உயிர்மெய்க் குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு குறியீடும் ஒன்பது இடம் பிடிக்கிறது. 'கிருஷ்ணகிரி' என்ற ஒரு சொல்லுக்கே 99 இடம். வேர்ட்பிரஸ் லிங்க்கில் ஒரு பதிவின் பெயருக்குத் தருவது 200 இடம்தான், அதனால் பல சமயம் மூன்றாவது சொல்லே வெட்டுப்பட்டுவிடும். புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களில் நீங்களே லிங்க் கொடுங்கள். பழையவற்றை அப்படியே விடுங்கள், பலர் பகிர்ந்திருப்பார்கள்.

இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினால், நீக்கும் பதிவின் முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் போடுங்கள், பழைய லிங்க்கில் வருபவரை அது தானாகப் புதியதற்கு அனுப்பிவிடும். அதற்கு வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் இலவச பிளக்இன்கள் (துணை மென்பொருள்கள்) உண்டு.

படி 5: படங்கள்

போனில் இருந்து வரும் பெயரோடு ஏற்றாதீர்கள். ஊர், பொருள், வருடம் என்று பெயர் மாற்றி, அளவைக் குறைத்து ஏற்றுங்கள்.

இதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம். புதிய பதிவுகளை ஷீட்டில் சேர்ப்பேன். கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, மக்கள் எந்தச் சொல்லைப் போட்டு வந்தார்கள் என்று பார்ப்பேன். நான் நினைக்காத எழுத்து வழக்கு ஏதாவது வந்திருந்தால், அன்றே அந்தப் பதிவின் முதல் பத்தியில் சேர்த்துவிடுவேன்.